கடை போயிற்று, குடி போயிற்றா?

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நிர்வாகங்களின் முன் வைத்த கோரிக்கைகள் இன்றும் படிக்கத் தக்கவை. சம்பளம் கூட வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், நோய் கண்டால் முறையான வைத்தியம் வேண்டும் என்றார்கள். துரையோ உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அதன் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் கோரிக்கை சாகவில்லை. யுத்தம் முடிந்த பின் 1947இல் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து அடிபட்டார்கள். சம்பளத்தையும் மானத்தையும் கள்ளுக்கடையையும் ஒரே தாளில் எழுதிய அந்தத் தொழிலாளர்கள், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை நன்றாய் அறிந்திருந்தார்கள்.

அவர்கள் எதிர்த்த கடை இன்று தோட்டத்தில் இல்லை. பெரும்பாலும் இல்லை என்று சொல்லுவதே சரி. தோட்டமே பல இடங்களில் இல்லையே! ரப்பர் மரம் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போன இடத்தில் தாமான் வீடுகள் நிற்கின்றன. லயத்தில் பிறந்தவர்கள் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஆனால், கள்ளு போன வழியிலேயே சம்சு வந்து சேர்ந்தது. கள்ளையாவது இறக்கிய ஓரிரு நாளுக்குள் குடித்தாக வேண்டும் என்ற ஒரு கட்டு உண்டு. சம்சு போத்தலுக்கு அந்தக் கட்டும் கிடையாது. அது சட்டைப் பையில் அடங்கும். இடுப்பு மடியில் அடங்கும். தீம்பாரில் மரத்தடியில் சருகுக்குள் நாள் கணக்கில் காத்திருக்கும். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மட்ட மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த அந்நியத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் வந்ததைப் போலவே வந்தவர்கள்.

கடையை எதிர்க்க நாம் பல கூட்டம் கூடியதுண்டு. அது நமது பெருமை. ஆனால், குடிக்கும் ஒருவன் தானே வந்து, "இதை விட வேண்டும், எப்படியென்று தெரியவில்லை" என்று நின்றால், அவனை அழைத்துப் போய் உட்கார வைக்க நம்மிடம் ஒரு பெஞ்சு இருக்கிறதா? இதைத்தான் இந்த வாரம் நமது அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

இப்போது நாம் செய்வது என்ன? திட்டுகிறோம். பட்டப்பெயர் வைக்கிறோம். "தண்ணி வண்டி வருது" என்று பிள்ளைகள் கூவும்போது பெரியவர்களும் சேர்ந்து சிரிக்கிறோம். தலைவர் வீட்டுக்கு அழைத்துப் புத்தி சொல்லுகிறோம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த வெட்கம் தாங்காமல் நேரே போய்க் குடிக்கிறான். கடைசியில் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம்.

சத்தியத்தை நாம் பழிக்கவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்ட ஒருவர் 48 நாள் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதை எந்தத் தோட்டத்திலும் காணலாம். அதைப் பார்த்துவிட்டு ஊர் சொல்லுவது என்ன? "மனசு வைத்தால் முடிகிறது பார், இவன்தான் மனசு வைப்பதில்லை!" இந்த முடிவு தவறு என்பது நமது அபிப்பிராயம். அந்த 48 நாளும் அவர் தனியாக இருப்பதில்லை. அவரோடு பத்துப் பேர் விரதமிருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் கோயிலில் பஜனை உண்டு. அங்கே அவருக்கு ஓர் இடம் உண்டு. மனைவி தனி அடுப்பில் சமைக்கிறாள். பழைய கூட்டாளி எதிரே வந்தால், "சாமி, சௌக்கியமா?" என்று ஒதுங்கிப் போகிறானேயொழிய, போத்தலை நீட்டுவதில்லை. காவடி இறங்கிய மறுநாள் இவை அத்தனையும் கலைந்து போகின்றன. பஜனை கலைகிறது, கூட்டம் கலைகிறது, 'சாமி' மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளாகிவிடுகிறார். அடுத்த சம்பளத்தன்று அவர் விழுந்தால் அதிசயம் என்ன? அவரைத் தாங்கியது கூட்டம். கலைந்ததும் அதுவே. அப்படியானால், காவடி இறங்கிய பிறகும் கலையாத ஒரு கூட்டம் வேண்டும் என்பதுதானே நியாயம்?

அப்படியொரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து அக்ரன் என்ற பட்டணத்தில் அது பிறந்தது. அக்ரன் என்றால் நமக்கு அந்நியமான ஊரல்ல. உலகத்து ரப்பர் டயர்த் தொழிலின் தலைப்பட்டணமாக இருந்த ஊர் அது. நம் கையால் சீவிய பாலில் எவ்வளவோ அங்கே போய் டயர் ஆகியிருக்கிறது. பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர், ஒரு வியாபாரக் காரியமாய் அங்கே போனார். காரியம் கெட்டது. கையில் காசில்லை, தங்கிய ஹோட்டலிலேயே மதுக்கூடம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் தேடியது வைத்தியரையோ குருவையோ அல்ல. தன்னைப் போல் குடியால் கெட்ட இன்னொருவரைத் தேடினார். டெலிபோனில் பலரைக் கேட்டு ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் பாப் ஸ்மித், அறுவை வைத்தியர், கை நடுங்கும் அறுவை வைத்தியர்! இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10ஆம் தேதி. பிறகு இருவரும் அவ்வூர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த மூன்றாவது ஆளிடம் போய்ப் பேசினார்கள். ஏ.ஏ. என்று இரண்டெழுத்தில் வழங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தொடங்கியது இவ்வளவுதான். கட்டடமில்லை, பணமில்லை, பட்டம் பெற்ற நிபுணரில்லை. குடித்துக் கெட்டவன் இன்னொருவனோடு உட்கார்ந்து பேசினால் இருவரும் அன்றைக்குக் குடிக்காமல் இருக்கலாம் என்பதே அதன் மூலதனம்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் வாசற்படியோடு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறோம். நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒருவர் நடத்துவார், அவரும் குடித்தவரே. ஒருவர் பின் ஒருவராகத் தம் கதையைச் சொல்லுவார்கள்: குடித்த காலத்தில் எப்படி இருந்தோம், என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறோம் என்று. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்கள். "நீ செய்தது தப்பு" என்று யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவர் பேசத்தான் வேண்டும் என்பதில்லை. "நான் கேட்க வந்தேன்" என்று சொன்னால் போதும். முழுப்பெயர் தேவையில்லை, பதிவுப் புத்தகம் இல்லை, சந்தா இல்லை. கடைசியில் ஒரு தட்டு சுற்றி வரும்; இருப்பவர் போடலாம், இல்லாதவர் தள்ளிவிடலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு கோப்பி குடித்துக்கொண்டு நின்று பேசுவார்கள்; உண்மையான பேச்சு பல சமயம் அங்கேதான் நடக்கும். அங்கத்தினராவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆசை இருந்தால் போதும். "வாழ்நாள் முழுதும் தொட மாட்டேன்" என்று அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு. நாளையை நாளைக்குப் பார்ப்போம் என்பதே பேச்சு. தினக்கூலிக்காரனுக்கு விளங்கும் கணக்கு இது.

புதியவருக்கு ஒரு பழைய ஆள் துணையாக நிற்பார். அவரை ஸ்பான்சர் என்பார்கள். நள்ளிரவில் நாக்கு வறண்டு, கால் கடைப்பக்கம் இழுக்கும்போது டெலிபோன் செய்து எழுப்பத் தக்க ஆள். எழுப்பியதற்காக அவர் கோபிக்க மாட்டார். அப்படி எழுப்பப்படுவதால்தான் தானும் குடிக்காமல் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

அங்கே கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. பன்னிரண்டு படிகள் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதில் கடவுள் வருகிறார். ஆனால் எந்தக் கடவுள் என்பதை அவரவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். முருகனைக் கும்பிடுகிறவரும் மாதாகோயிலுக்குப் போகிறவரும் அருகருகே உட்காரலாம். நமது சுயமரியாதை நண்பர்கள் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கூட்டத்தையே தம்மினும் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருந்த நாத்திகர்கள் அங்கே உண்டு. தொழிற்சங்கத்தில் தனியாளினும் கூட்டம் பெரிது என்று நாள்தோறும் பேசுகிற நமக்கு இது விளங்காத தத்துவமா என்ன?

"இதெல்லாம் பேச்சு, பலன் உண்டா?" என்று கேட்பவர்க்குப் பதில் உண்டு. 2020ஆம் ஆண்டில் கொக்ரேன் என்ற வைத்திய ஆய்வுக் குழுமம் 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. ஏ.ஏ. கூட்டமும், அக்கூட்டத்துக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் வேறு பேர்பெற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவையல்ல என்று கண்டது. அறவே குடிக்காமல் தொடர்ந்து இருக்கும் விஷயத்தில் அவற்றினும் மேலான பலன் கிடைக்கிறது என்றும் கண்டது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. ஆகவே நம் லயத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சூடம் அணைக்கவில்லை. எல்லாருக்கும் பலிக்கும் என்றும் சொல்லவில்லை. செலவில்லாத ஒன்று, செலவுள்ளவற்றுக்கு ஈடு கொடுக்கிறது என்ற அளவில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். பால்மரம் வெட்டுகிறவருக்குக் கைதான் மூலதனம். பட்டையைச் சீவும்போது உள்ளே மரத்தின் உயிர்த்தோல் படாமல், சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு உளி ஓட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம், தண்டல் திட்டுவார். அந்தக் கை காலையில் நடுங்குகிறது. நடுக்கத்தை நிறுத்த ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு வருகிறார். குடித்தால் கை நிற்கிறது, குடிக்காவிட்டால் ஆடுகிறது. பார்க்கிறவர்கள் இதைக் கொழுப்பு என்கிறார்கள். இது நோய் முற்றியதற்கு அடையாளம். இப்படிப்பட்டவர் எவரும், யாரோ சொன்னார் என்று ஒரே நாளில் தானாக நிறுத்திவிடக் கூடாது! நிறுத்திய சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு நாள், மூன்று நாளில் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, பாம்பு வருகிறது என்று அலறலாம். காய்ச்சல் கொதித்து உயிரே போகலாம். தோட்டங்களில் இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி வேப்பிலை அடித்த காலம் உண்டு. இவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு. குடியால் உடம்பில் வற்றிப்போன பி-1 என்ற வைட்டமினைக் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு கெட்டிருக்கிறார் என்று அறிய உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் வைத்தியர்களிடம் உண்டு. கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். அரைப் போத்தலைக் கால் போத்தல் என்று சொல்லி வைத்தியரை ஏமாற்றுவதால் ஏமாறுவது நம் ஈரல்தான். உடம்பு தேறிய பின், அல்லது தேறிக்கொண்டிருக்கும்போதே, கூட்டம்.

சரி, கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கோலாலம்பூர், பினாங்கு போன்ற பட்டணங்களில் ஏ.ஏ. கூட்டங்கள் நடந்து வருகின்றன. கைத்தொலைபேசியில் அந்த இரண்டெழுத்தோடு நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் இடமும் கிழமையும் நேரமும் கிடைக்கும். வீட்டில் தேடத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையே கேளுங்கள். அப்பா இதைத் தேடச் சொன்னார் என்பதைவிட நல்ல செய்தி அந்தப் பிள்ளைக்கு எது? ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் கேட்கலாம். போவதற்கு முன் டெலிபோன் செய்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலாவது, தமிழில் பேசலாமா? தன் தாயை அடித்த கதையையும், பிள்ளையின் பள்ளிக் காசைக் குடித்த கதையையும் இன்னொரு மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லுவது யாராலும் ஆகாது. இரண்டாவது, கூட்டம் திறந்ததா, மூடியதா? திறந்த கூட்டத்துக்கு மனைவியும் கூட வரலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்க்கு மட்டும். 2020இல் கொவிட் வந்த பிறகு, கைத்தொலைபேசித் திரையிலேயே கூடும் கூட்டங்கள் உலகமெங்கும் பெருகின. தமிழ்நாட்டில் தமிழில் ஏ.ஏ. நடத்துகிறவர்கள் பலர். பக்கத்தில் ஒன்றுமே இல்லாதவர் அப்படியொரு கூட்டத்தைத் தேடிக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் எல்லாக் கூட்டமும் இப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாறு தடவை போய்ப் பார்த்தபின் தீர்மானிக்கலாம்.

இதுவரை சொன்னது பட்டணத்துக்குப் பொருந்தும். தோட்டத்துக்கு இதில் இரண்டு தடை உண்டு. ஒன்று தூரம். பொழுது விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போகிறவர், இரவு எட்டு மணிக் கூட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் இருபது மைல் போய்த் திரும்பிப் படுப்பதெப்போது? சம்பளம் போதாத வீட்டில் பெட்ரோலுக்குக் காசேது? வாரம் ஒரு தடவையாவது போய்வர, இருவர் மூவராய்ச் சேர்ந்து ஒரு காரில் போகலாம். அந்தப் பயணமே பாதிக் கூட்டம். மற்றது கடினமான தடை. பட்டணத்தில் ஒருவர் கூட்டத்துக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரியாது. தோட்டத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டாலே லயம் முழுவதும் எட்டிப் பார்க்கும். யார் வந்தார், யார் வரவில்லை, அழுதாரா என்பது மறுநாள் காலையில் ஸ்டோரில் பால் நிறுக்குமுன் எல்லாருக்கும் தெரிந்துபோகும். 'பெயர் சொல்லாதார் கூட்டம்' என்று சொல்லி நாம் யாரை ஏமாற்றுவது?

இதற்கு நாம் காணும் வழி ஒன்றுதான். தோட்டத்தில் முகத்தை மறைக்க முடியாது. அதனால் நாக்கைத்தான் அடக்க வேண்டும். யார் வந்தார் என்பது தெரிந்து போகட்டும். உள்ளே என்ன பேசினார் என்பது கதவைத் தாண்டக் கூடாது. இதில் நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது நமது கிராணிமார்களுக்கு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். தொழிலாளி பொதுவில் குடிக்கிறார். கிராணியார் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார். ஒருவர் வழியில் விழுகிறார், மற்றவர் கட்டிலில் விழுகிறார். போத்தலின் லேபிளும் விலையும் வேறு. ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒரே கூட்டத்தில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார வேண்டிவரும். அப்போது தொழிலாளி, "போன புதன்கிழமை காய்ச்சல் என்று சொன்னது பொய், குடித்துவிட்டுப் படுத்திருந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுவார். அதைக் கேட்ட கிராணியாரின் கையில் மறுநாள் காலை செக்ரோல் இருக்கும். அந்தப் புதன்கிழமைக் கட்டத்தில் அவர் என்ன செய்வார்? அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை கூட்டத்தில் கேட்டது செக்ரோலுக்கு வந்தால், அந்தத் தோட்டத்தில் இன்னொரு தலைமுறைக்கு எவரும் வாய் திறக்க மாட்டார். அதேபோல், கிராணியார் கண்ணீர் விட்டதைத் தொழிலாளி வெளியே வந்து நடித்துக் காட்டினாலும் கதை முடிந்தது. இருவர் பிழைப்பும் மற்றவர் நாக்கில் இருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று 1941இல் கேட்டது சரிசமமாய்ப் போக வேண்டும் என்பதற்காகத்தானே? இந்தப் பெஞ்சில் அந்தச் சமத்துவத்துக்குப் பரீட்சை நடக்கும்.

கூட்டத்துக்குப் போகிறவர்களின் பட்டியலை மானேஜர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு கேட்டாலும்தான். கோயில் தலைவர் கேட்டாலும், நமது கிளைச் செயலாளரே கேட்டாலும் அதுவே பதில்.

பெண்களைப் பற்றி. குடிகாரன் மனைவிக்கு நாம் இதுவரை சொல்லி வந்தது பொறுத்துக்கொள் என்பதுதான். பில் வில்சனின் மனைவி லோயிஸும் அப்படிப் பொறுத்தவர்தாம். 1951இல் அவரும் தோழி ஒருவரும் சேர்ந்து, குடிப்பவர் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் ஏற்படுத்தினார்கள். கணவன் வந்தாலும் வராவிட்டாலும் மனைவி போகலாம். அவனைத் திருத்துவது எப்படி என்று அங்கே கற்றுக்கொடுப்பதில்லை. அவனுடைய குடிக்குத் தான் காரணமல்ல என்பதையும், போத்தலை ஒளிப்பதும் கடைக்கணக்கை அடைப்பதும் கிராணியாரிடம் அவனுக்காகப் பொய் சொல்லுவதும் தன் கடமையல்ல என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். அடிக்கிற வீட்டில் கூட்டம் மட்டும் போதாது. அங்கே போலீசும் வைத்தியரும் வேண்டும். குடிக்கிற பெண்களும் உண்டு. ஊர் அவர்களைப் பேசும் விதத்தால் அவர்கள் இன்னும் ஆழமாய் ஒளிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு ஆண்கள் நடுவே இடம் கொடுத்தால் வரமாட்டார்கள். பெண்கள் மட்டுமே உட்காரும் நேரம் தனியாக வேண்டும்.

இனி, நமது கிளைகள் என்ன செய்யலாம்? கிளையே இந்தக் கூட்டத்தை நடத்த வேண்டும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கூடாது என்பது நமது திடமான கருத்து. ஏ.ஏ. எந்தக் கட்சியையும் சங்கத்தையும் சாராது. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில்கூட அதற்குக் கருத்துக் கிடையாது. வெளியார் பணத்தை வாங்காது. தலைவர், மாலை, மைக், வரவேற்புரை என்று நாம் உள்ளே நுழைந்தால் அது இன்னொரு பொதுக்கூட்டமாகிவிடும். குடிப்பவனைத் தவிர மற்றெல்லாரும் வந்துவிடுவார்கள்! கிளையின் வேலை மண்டபத்தைக் கொடுப்பது. அதையும் இனாமாகக் கொடுக்க வேண்டாம். தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்கள் வைத்திருக்கும் விதி. அதில் அவர்களுக்கு ஒரு மானம் இருக்கிறது. மாதம் ஐந்து வெள்ளியாவது வாடகை வாங்கி ரசீது கொடுங்கள். கூட்டம் நடக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மண்டபத்துப் பக்கம் கேரம் போர்டை நகர்த்திக்கொண்டு யாரும் போக வேண்டாம். வேலைக்கு வராத நாளுக்காக ஒருவர் மீது விசாரணை வந்தால், வைத்தியம் பார்க்க அவகாசம் கேட்டு வாதாடுவது கிளையின் கடமை. அங்கே நாம் மௌனமாக இருக்கக் கூடாது. அதற்குக் கூட்டத்தில் பேசியதைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. டாக்டர் சீட்டுப் போதும்.

தொடங்க எத்தனை பேர் வேண்டும்? அக்ரனில் இருவர். ஒருவர் முதலில் பட்டணத்துக் கூட்டத்துக்குச் சில மாதம் போய்ப் பழகியிருந்தால் நல்லது. அங்கேயிருந்து ஒரு பழைய ஆள் முதல் சில வாரத்துக்கு வந்து கூட உட்காருவார், கேட்டால் மறுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலையை வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தன்று மாலையில் கிழமை எதுவானாலும் கட்டாயம் ஒரு கூட்டம் வேண்டும். தோட்டத்தில் அதைவிட ஆபத்தான மாலை கிடையாது. ஒரு ஃபிளாஸ்க் கோப்பி, பத்து நாற்காலி. விழுந்தவர் மறுவாரம் வந்தால் கணக்குக் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போடுங்கள். வாடை வீசினாலும், சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும். மண்டபத்துச் சாவியைக் கிராணியாரிடமும் வைக்க வேண்டாம், கிளைச் செயலாளரிடமும் வைக்க வேண்டாம். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒருவர் இடுப்பில் அது இருக்கட்டும்.